மழையும் மார்கழியும் முடிந்த பின் மொட்டைமாடியில் மிஞ்சிய பறவைத் தீனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை பிறக்கும் வரை சென்னை வீடுகளின் மொட்டைமாடியிலும் தோட்டத்திலும் பறவைகளுக்கென்று கம்பும் அரிசியும் நிலக்கடலையும் தாராளமாக விழுகின்றன. அவற்றில் ஒரு பங்கு தின்னப்படாமல் ஈரத்தில் ஊறி, தட்டோட்டின் இடுக்குகளிலும் பூந்தொட்டிகளிலும் தங்கிவிடுகிறது. அந்த மிச்சத்தை அள்ளுவது பற்றி மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பனியே விழாத நம் ஊரில் குளிர்காலத்துக்குப் பிறகு என்று தனியாக ஒரு சுத்தம் எதற்கு?

பனி தரையை மூடிவிடும் நாடுகளில் பறவைகளுக்குப் புழுவும் விதையும் கிடைக்காது என்பதால் மக்கள் குளிர்காலம் முழுவதும் தீனி வைக்கிறார்கள். பனி உருகியதும் அதனடியில் மாதக்கணக்கில் புதைந்து கிடந்த விதைகள் மொத்தமாக வெளிப்படுகின்றன. நமக்குக் குளிர் ஒரு பொருட்டே அல்ல, ஈரம்தான் சங்கடம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் காலையில் போட்ட தானியம் மாலைக்குள் நனைந்து, மறுநாள் பிசுபிசுத்து, நான்காம் நாள் பூஞ்சணம் பூத்துவிடும். மழை விடும்போது நாம் மேலே புதிதாகத் தூவுகிறோமே தவிர, அடியில் கிடப்பதை எடுப்பதில்லை. இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்ததை எடுக்கத் தோதான காலம், வெயில் ஏறத் தொடங்கும் தை, மாசி மாதங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கிளிகள் தை, மாசியிலிருந்தே மரப்பொந்துகளில் முட்டையிடத் தொடங்கிவிடுகின்றன. மைனாக்கள் பங்குனிக்குப் பிறகு கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் வந்த பிறகு கெட்ட தீனி கிடப்பதைவிட, அதற்கு முன்பே இடம் சுத்தமாக இருப்பது நல்லது.

போகியோடு சேர்த்துச் செய்துவிடலாமா?

செய்யலாம், ஆனால் இரட்டை வேலையாகும். கணுப் பொங்கலன்று மஞ்சள் இலையில் மஞ்சள் சாதமும் சிவப்புச் சாதமும் தயிர்சாதமும் பிடிபிடியாக வைக்கும் வீடுகளில் அன்று மாடியில் விழும் சோறு ஒரு வாரத் தீனிக்குச் சமம். காக்கைகள் முதல் சுற்றில் விரும்பியதைக் கொத்திக்கொண்டு போய்விடும். மிச்சம் மத்தியான வெயிலில் புளித்து, சாயங்காலம் எறும்புக்கும் இரவில் எலிக்கும் போய்ச் சேரும். எனவே கணு முடிந்த மறுநாள் தொடங்குவதே என் வழக்கம். தை அமாவாசைக்கு வைக்கும் சோற்றை அன்று மாலையே எடுத்துவிட்டால் போதும்.

தட்டு நிறைய இருக்கிறதே, பறவைகள் தின்னவே இல்லையா?

ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து மெல்ல ஊதிப் பாருங்கள். பறந்து போவதெல்லாம் உமி. கிளி, நெல்லையோ சூரியகாந்தி விதையையோ அலகுக்குள் உருட்டி, தோலைக் கீறி, பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தோலை அங்கேயே விட்டுவிடும். சிட்டுக்குருவியும் தினைக்குருவியும் அப்படியே. தோல் முழுதாக இருப்பதால் எட்டி நின்று பார்ப்பவருக்குத் தானியம் தொடப்படாததுபோல் தோன்றும். புறாவும் புள்ளிப்புறாவும் உமியோடு முழுசாக விழுங்கிவிடுபவை. அவை வரும் இடத்தில் உமி மிஞ்சினால் அது வேறு பறவையின் வேலை.

ஊதிய பிறகு கையில் நிற்பதுதான் உண்மையான மிச்சம். அதைக் கூர்ந்து பார்த்தால் நம் கணக்கு எங்கே தப்பியது என்று தெரிந்துவிடும். கலவைத் தானியப் பொட்டலத்தில் உள்ள கறுத்த சோளம், உடைந்த பட்டாணி போன்றவை பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும். தீபாவளி மிச்சமான மிக்சரும் முறுக்கும் அங்கே இருந்தால், தயவுசெய்து அடுத்த ஆண்டு வேண்டாம். உப்பு அதிகமானால் சிறு பறவைகளுக்குத் தாங்காது, காறல் எடுத்த எண்ணெய் நமக்கே ஆகாது. "வீணாகாமல் காக்காய்க்குப் போட்டேன்" என்பது நம் வீடுகளின் பழகிப்போன சமாதானம். வீணானது வீணானதுதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையைக் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாமா? மாட்டுக்காவது கொடுக்கலாமா?

இரண்டும் கூடாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பச்சை மஞ்சள் பூஞ்சை, அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன; பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்றதால்தான் என்று பிறகு கண்டறிந்தபோதே இந்த நச்சு முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. பறவையின் கல்லீரலைத்தான் அது முதலில் தாக்கும். வெயில் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே பருப்பில் ஊறிவிட்ட நச்சை எடுத்துவிடாது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. மேலே தேய்த்துவிட்டால் பச்சை மறைந்துவிடும் என்பதால்தான் இது இன்னும் ஆபத்தாகிறது.

தெருவில் வரும் பசுவுக்குக் கொடுப்பதும் தர்மம் ஆகாது. கறவைப் பசு அதைத் தின்றால் நச்சின் ஒரு பகுதி மாற்றுருவில் பாலிலேயே இறங்குகிறது. யாரோ ஒரு வீட்டுக் குழந்தையின் தம்ளருக்குத்தான் அது போய்ச் சேரும்.

காய்ந்து கிடப்பதைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டால் போதாதா?

உலர்வாகக் கூட்டாதீர்கள். தீனி விழுந்த இடத்தில் எச்சமும் விழுந்திருக்கும், குறிப்பாகப் புறாவின் எச்சம். அது காய்ந்து பொடியானால் தென்னந்துடைப்பத்தின் ஒவ்வொரு வீச்சிலும் நுண்தூளாக எழுந்து மூச்சோடு உள்ளே போகும். அந்தத் தூளில் கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் இருக்கலாம். நீண்ட காலம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி உண்டாகி, மூச்சிரைப்பு நிரந்தரமாகிவிடுவதும் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்றே.

ஆகவே முதலில் பூவாளியால் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு முறத்தில் வழித்தெடுக்க வேண்டும். வாளியால் வீசி ஊற்றினால் எல்லாம் வடிகால் துவாரத்துக்கு ஓடிவிடும். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். எச்சம் கெட்டியாக ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பழைய துணியால் மூடி அரை மணி நேரம் விட்டுவிட்டு, தோசைத் திருப்பி போன்ற தட்டையான ஒன்றால் சுரண்டலாம். அதைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கையுறையும் என்95 முகக்கவசமும் செருப்பும் அவசியம். ஆஸ்துமா உள்ளவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், கர்ப்பிணிகளும் இந்த வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிட வேண்டும்.

தட்டு, மண்சட்டி, தொங்கும் தீனிக்கூடு இவற்றை எப்படிக் கழுவுவது?

முதலில் ஒட்டியதைச் சுரண்டி, சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு இருக்கும்போது கிருமிநாசினி வேலை செய்யாது என்பதால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. பிறகு திரவ ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு என்று கலந்து பத்து நிமிடம் மூழ்கவைத்து, மணம் போகும்வரை அலசி, நல்ல வெயிலில் முழுதாகக் காயவைக்க வேண்டும். ப்ளீச்சோடு கழிவறை ஆசிட்டையோ வினிகரையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

மண்சட்டி நுண்துளை உள்ளது, ஆகவே ப்ளீச்சை உறிஞ்சிக்கொள்ளும். அதை வெந்நீரில் தேங்காய்நாரால் தேய்த்து, நான்கைந்து நாள் வெயிலில் கவிழ்த்து வைப்பதே போதுமானது. விரிசலுக்குள் கறுப்பு ஏறியிருந்தால் உடைத்துத் தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லாகப் போட்டுவிடலாம். கொட்டாங்குச்சியில் தீனி வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம்.

வடிகால் குழாய்க்கும் பறவைத் தீனிக்கும் என்ன தொடர்பு?

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மழையில் எங்கள் மொட்டைமாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. படிக்கட்டுக் கதவின் அடியால் நீர் உள்ளே கசியத் தொடங்கியதும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்த் துவாரத்தில் கைவிட்டால், பஞ்சுபோல் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வெளியே இழுத்தேன். முஷ்டி அளவுக்கு உமியும் சோறும் வேப்பிலையும் சேர்ந்த உருண்டை. அதைச் சுற்றி வெள்ளை வேர்கள் வலைபோல் பின்னியிருந்தன. மேலே நான்கு கம்புப் பயிர்கள் விரல் நீளத்துக்குப் பச்சையாக நின்றன. குழாய்க்குள் நான் வயல் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், நம் மாடிக் குழாய்கள் பலவும் நேராக வடிகட்டித் தொட்டிக்கும் கிணற்றுக்கும் போகின்றன. மாடியில் அழுகும் சோறும் எச்சமும் அதே வழியில் இறங்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே தை மாதச் சுத்தத்தில் துவாரத்தின் சல்லடையைக் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்ப்பதும், வடிகட்டித் தொட்டியின் மேல்மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போடுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். கழுவும் நீர் கிணற்றுக்குப் போகாதபடி அன்று மட்டும் குழாயைத் திருப்பிவிடுங்கள். தீனித் தட்டைத் துவாரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைப்பதே நல்லது.

பூந்தொட்டியில் சிந்தியவை முளைத்துவிட்டன. பிடுங்கிவிட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ரோஜாத் தொட்டியில் பத்துப் பதினைந்து கம்பு முளைத்தால் ரோஜா வாடும். இரண்டை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்கினால் ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு நாளில் கதிர் முற்றும், குருவிகள் நின்றபடியே கொத்தித் தின்னும். இதைவிடச் சுத்தமான தீனித் தட்டு கிடையாது. சூரியகாந்தித் தோல் குவிந்த மண்ணில் மட்டும் கவனம் தேவை. அந்தத் தோலில் உள்ள சில பொருள்கள் மற்றச் செடிகளின் முளைப்பைத் தடுக்கும். மேல்மண்ணை ஓர் அங்குலம் தோலோடு சுரண்டி எடுத்துவிட்டுப் புதுமண் இட வேண்டும்.

அள்ளியதை எங்கே போடுவது?

பூஞ்சணம் இல்லாத உமியும் தானியமும் உரத்தொட்டிக்குப் போகலாம். வீட்டு உரத்தொட்டி அவ்வளவாகச் சூடேறாது என்பதால் விதைகள் சாகாமல் இருந்து பின்னாளில் முளைக்கும். ஒருமுறை கொதிநீர் ஊற்றிவிட்டுப் போடுவது என் பழக்கம். சோற்றைத் தென்னைநார்க் கழிவோ காய்ந்த சருகோ மூடும்படி நடுவில் புதைக்க வேண்டும், மேலே விட்டால் எலி தோண்டும். பூஞ்சணம் பிடித்ததையும் எச்சம் கலந்ததையும் உரமாக்காமல் தாளில் இறுக மடித்து, மாநகராட்சிப் பணியாளரிடம் மக்கும் குப்பையோடு கொடுத்துவிடுங்கள். அவரும் அதைக் கையால்தான் தொடப்போகிறார், ஆகவே பிரிந்து சிந்தாதபடி கட்டுவது நம் பொறுப்பு. காலி மனையில் வீசுவது வேண்டாம்.

தீனி வைக்கத் தொடங்கியதிலிருந்து பெருச்சாளி வருகிறது. விஷம் வைக்கலாமா?

வைக்காதீர்கள். விஷம் தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடிக்கொண்டு திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகையும் புள்ளி ஆந்தையும் வைரியும் பின்னாலேயே சாகும். எலியை நமக்காகப் பிடிப்பவற்றைக் கொன்றுவிட்டு எலியை மிச்சம் வைப்பதுதான் இதன் பலன். பெருச்சாளி இரவில் வருவது. பறவை பகலில் தின்பது. எனவே சூரியன் மறைவதற்குள் தரையில் ஒரு மணியும் இல்லாமல் எடுத்துவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் வரத்து தானாகக் குறையும். மழைநீர் தேங்கிய இடத்தில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும் என்பதால், காலில் புண் உள்ளவர்கள் வெறுங்காலோடு அங்கே நிற்கக் கூடாது.

டப்பாவில் மீதமிருக்கும் தானியத்தில் வண்டு விழுந்துவிட்டது. என்ன செய்வது?

வண்டு மட்டும் என்றால் கவலையில்லை, பறவைக்கு அதுவும் தீனிதான். முறத்தில் புடைத்து ஒரு நாள் வெயில் காட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். நூலாம்படைபோல் அந்துப்பூச்சிக் கூடு கட்டியிருந்தாலோ, முகர்ந்தால் மக்கல் வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

சுத்தம் செய்யும்போது செத்த பறவையோ நோயுற்ற பறவையோ கிடந்தால்?

வெறுங்கையால் தொடக் கூடாது. புறா கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமிட்டால், அது கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்குக் காரணமான வைரஸின் புறா வகையாக இருக்கலாம். வாய்க்குள் தயிர்க்கட்டிபோல் மஞ்சள் படிவு தெரிந்தால், அது பொதுத் தட்டிலும் தண்ணீரிலும் பரவும் ஒட்டுண்ணி நோயாக இருக்கக்கூடும். எதுவானாலும் அன்றே தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, இரண்டு வாரமாவது எதுவும் வைக்காமல் பறவைகள் கலைந்து போகவிட வேண்டும். பசியால் வாடுமே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் கூட்டம் கூடுவதுதான் அப்போது கேடு. உயிரோடிருக்கும் பறவையை அட்டைப்பெட்டியில் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். காக்கைகள் ஒன்றுக்கு மேற்பட்டு ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் நீங்களே அப்புறப்படுத்தாமல் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

புறாக்கள் மட்டுமே வருகின்றன, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

கீழ்வீட்டுக்காரர் பக்கம்தான் நியாயம். நாம் மேலே புண்ணியம் தேட, அவர் பால்கனியில் எச்சம் கழுவுகிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டும் பழக்கத்தை நிறுத்தியே தீர வேண்டும். புறாவுக்கு நம் தயவு தேவையே இல்லை. நிறுத்திய பிறகும் கீழ்வீட்டுக் குடும்பத்தோடு பேசி, பழைய எச்சத்தைச் சுத்தம் செய்யும் செலவில் பங்கெடுத்துக்கொள்வது மரியாதையாக இருக்கும்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பறவைகள் வருவது நின்றுவிடாதா? எவ்வளவுதான் வைக்கலாம்?

சென்னைப் பறவைகள் நம் தட்டை நம்பி உயிர் வாழ்பவை அல்ல. வேம்பும் அத்தியும் நுணாவும் இருக்கும்வரை அவற்றுக்குப் பிழைப்பு உண்டு. எங்கள் மாடியில் பத்து நாள் தீனி நிறுத்தினால் முதல் இரண்டு நாள் காக்கைகள் வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கத்தும், மைனாக்கள் தொட்டி மண்ணைக் கிளறும், பிறகு போய்விடும். மறுபடி வைத்த அன்றே யார் சொல்லித்தான் தெரிகிறதோ, வந்துவிடுகின்றன.

அளவுக்கு வாசலில் போடும் அரிசிமாக் கோலத்தையே பாருங்கள். விடியலில் போட்டது மத்தியானத்துக்குள் எறும்பும் குருவியும் தின்று, சாயங்காலம் வெறும் தரைதான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அளவு வைத்து, தட்டு காலியானால் மட்டும் இன்னொரு பிடி போட்டால் அடுத்த தையில் முறம் எடுக்கும் வேலை கால்வாசிதான் இருக்கும்.

கோடையில் தானியத்துக்குப் பதில் தண்ணீர் மட்டும் வைக்கலாமா?

வைக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத சட்டியில், நடுவே ஒரு கல் போட்டு, நிழலில் வையுங்கள். தினமும் நீரை மாற்றினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்கு மேலே சட்டியின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நனைந்ததும் பொரியும். ஆகவே வாரம் இருமுறை தேங்காய்நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்த்த நீரைச் சாக்கடையில் ஊற்றாமல், வெயிலில் காயும் தரையில் கொட்டுங்கள்.